பெங்காசிக்கு வந்த விமானங்களும் எமது ஏக்கமும்

லிபியாவுக்குப் பறந்த மேற்குலகின் போர் விமானங்கள் ஏன் வன்னிக்கு வரவில்லை? 2011 மார்ச் மாதத்தில் இருந்து இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட தமிழர்களுக்குக் கணக்கில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நேரில் கேட்டார்கள். ரொறன்ரோவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். இன்றும் ஏதோவொரு நாட்டின் மீது மேற்குலகம் குண்டு வீசும் செய்தி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதே கேள்வியைத் திரும்பவும் எழுப்புகிறார்.

கேள்விக்குப் பின்னால் இருக்கும் வேதனை எனக்கு விளங்காததல்ல. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் சிக்குண்டிருந்த மக்கள் மத்தியில் அமெரிக்கக் கப்பல் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டதையும் எந்தக் கப்பலும் வராமல் போனதையும் நாம் அனைவரும் அறிவோம். அது நடந்து இரண்டு வருடங்கள் கூட நிறைவடையாத நிலையில், வேறொரு நாட்டின் குடிமக்களைப் பாதுகாப்பதற்கென்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை தீர்மானம் நிறைவேற்றியபோது தமிழர்களின் மனதில் பொறாமை எழுந்ததில் வியப்பில்லை. ஆனால், லிபியர்களுக்கு இறுதியில் கிடைத்தது என்ன என்பதைப் பாராமலேயே அந்தப் பொறாமை இன்றுவரை தொடர்கிறது. எனது ஆட்சேபம் அதுதான்.

கேணல் கடாபிக்கு வக்காலத்து வாங்குவதற்காக நான் இதை எழுதவில்லை. 1969 தொடக்கம் 42 வருடங்கள் தனது நாட்டைத் தனது கூடாரம் போல நடத்தியவர் அவர். 1996 ஆம் ஆண்டில் திரிப்போலியின் அபூ சலீம் சிறைச்சாலையில் சுமார் 1,200 கைதிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களது குடும்பங்களுக்காக வாதாடிய சட்டத்தரணி கைது செய்யப்பட்டதை அடுத்தே 2011 பெப்ரவரி 15 ஆம் திகதி பெங்காசியில் ஆர்ப்பாட்டம் வெடித்தது. ஒரு வாரம் கழித்துத் தொலைக்காட்சியில் தோன்றிய கடாபி, கிளர்ச்சியாளர்களை வீடு வீடாக, ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடி வேட்டையாடப்போவதாகச் சூளுரைத்தார். அத்தகைய ஒருவரின் படை தங்களது நகரை நெருங்கும்போது அங்கிருக்கும் மக்கள் வானத்தைப் பார்த்து உதவி கேட்டதைக் குறைகூற, வன்னியின் இறுதி நாட்களைக் கண்ட எமக்கு உரிமை இல்லை.

மார்ச் 17 ஆம் திகதி 1973 ஆம் இலக்கத் தீர்மானம் பத்து வாக்குகளால் நிறைவேறியது. ரஷ்யாவும் சீனாவும் இந்தியாவும் பிரேசிலும் வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை. நேட்டோவின் உறுப்பு நாடான ஜேர்மனியும் கூட ஒதுங்கிக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது. இரண்டு நாட்களில் பிரெஞ்சு விமானங்கள் பெங்காசியின் வாசலில் நின்ற கடாபியின் கவச வாகனங்களைத் தாக்கின. அன்றிரவே அமெரிக்காவும் பிரிட்டனும் 110 க்கும் அதிகமான குரூஸ் ஏவுகணைகளை ஏவின. கடாபியின் படை பின்வாங்கியது. பெங்காசி தப்பியது.

விடயம் அத்துடன் நின்றிருந்தால் நான் இன்று இதை எழுதவேண்டிய தேவை இருந்திருக்காது. குண்டுவீச்சு ஒக்டோபர் இறுதிவரை, ஏழு மாதங்களுக்கும் மேலாகத் தொடர்ந்தது. நேட்டோவின் சொந்தக் கணக்கின்படி 26,500 தடவைகள் விமானங்கள் பறந்தன. அவற்றில் 9,700 தாக்குதல் நோக்கிலான பறப்புகள். பாதுகாப்பதற்கு ஒரு நகரம் இருந்தது. அது பாதுகாக்கப்பட்டுவிட்டது. மீதி ஏழு மாதங்களும் எதற்காக?

பதிலை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 ஆம் திகதி ஒபாமாவும் கமரூனும் சார்கோஸியும் கூட்டாக எழுதிய கட்டுரையில், கடாபியைப் பலவந்தமாக அகற்றுவது தங்களுக்குத் தரப்பட்ட ஆணை அல்ல என்று ஒரு வசனத்தில் கூறிவிட்டு, கடாபி அதிகாரத்தில் இருக்கும் ஒரு லிபியாவைக் கற்பனை செய்யவே முடியாது என்று அடுத்துக் கூறினார்கள். இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில்தான் பாதுகாப்புச் சபையின் தீர்மானம் காணாமல் போனது. அதற்கு முன்னரே, மார்ச் 20 ஆம் திகதி லிபியாவுக்குச் செல்லவிருந்த ஆபிரிக்க ஒன்றியத்தின் சமாதானத் தூதுக்குழுவுக்குப் பறப்பதற்கான அனுமதி மறுக்கப்பட்டது. மூன்று வாரங்கள் கழித்துச் சென்ற அந்தக் குழுவின் திட்டத்தைக் கடாபி ஏற்றுக்கொண்டதாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் பெங்காசி அதை நிராகரித்தது. கடாபியின் வாக்குறுதியை நம்ப மறுத்தவர்களில் நான் பிழை காணவில்லை. ஆனால், உலகின் மிகப் பெரிய இராணுவக் கூட்டணி தனக்கு விமானப்படையாக வாய்த்திருக்கும்போது எந்தக் கிளர்ச்சி இயக்கம்தான் பேச்சுவார்த்தை மேசையில் அமரும்?

அந்த வருடம் எமது பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. செப்டெம்பர் 15 ஆம் திகதி கமரூனும் சார்கோஸியும் பெங்காசியில் மக்கள் வெள்ளத்தின் முன்னால் கைகோத்து நின்ற படம் முகவர் நிலையங்களில் இருந்து வந்து குவிந்தது. நல்ல படம். முதல் பக்கத்துக்கு உரிய படம் என்று மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். போர்வெற்றியைக் கொண்டாடச் செல்லும் தலைவர்களின் படங்களை இலங்கையில் போதுமான அளவு பார்த்துவிட்டதாலோ என்னவோ, எனக்கு அதில் உற்சாகம் பிறக்கவில்லை. (அதே சார்கோஸி 2007 டிசெம்பரில் கடாபியை பாரிஸுக்கு வரவழைத்து விருந்தோம்பியவர். கடாபியின் பணத்தைத் தனது தேர்தல் பிரசாரத்துக்குப் பெறும் முயற்சி தொடர்பிலான வழக்கில் 2025 செப்டெம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அவரைக் குற்றச்சதிக்காகக் குற்றவாளியாகக் கண்டு ஐந்து வருடச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் குற்றத்தை மறுத்து மேன்முறையீடு செய்தார். அரசியலில் நட்பின் ஆயுள் அவ்வளவுதான்.)

இந்த யுத்தத்துக்கு அமெரிக்கா செலவிட்ட பணம் 2011 செப்டெம்பர் இறுதிவரை 110 கோடி டொலர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கொட்டியதுடன் ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. சண்டையில் ஒரு அமெரிக்கச் சிப்பாயும் சாகவில்லை. அதனால் இதுவே எதிர்காலத்துக்கு முன்மாதிரியான யுத்தம் என்று வாஷிங்டனில் பேசிக்கொண்டார்கள். என்னைப் பொறுத்தவரை லிபிய யுத்தத்தின் மிகப் பெரிய ஆபத்தே அது மலிவாக முடிந்ததுதான். அமெரிக்கச் சட்டத்தின்படி காங்கிரஸின் அங்கீகாரம் இல்லாமல் ஜனாதிபதி ஒருவர் 60 நாட்களுக்கு மேல் போர் நடத்த முடியாது. அந்த எல்லை கடந்ததும் வெள்ளை மாளிகை சொன்ன விளக்கத்தைப் பாருங்கள்: தரைப்படை இறங்கவில்லை, அமெரிக்கர்கள் உயிரிழக்கும் அபாயம் குறைவு, எனவே இது அந்தச் சட்டம் குறிப்பிடும் சண்டையே அல்ல! குண்டு விழும் இடத்தில் இருப்பவனுக்கு அது சண்டையா இல்லையா என்று எவரும் கேட்கவில்லை. தனது பிள்ளையின் சவப்பெட்டி திரும்பி வராத யுத்தத்தைப் பற்றி எந்த நாட்டின் வாக்காளனும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்கப்படாத அரசாங்கம் குண்டுவீச்சுக்கு அடுத்த நாளைப் பற்றித் திட்டமிடுவதும் இல்லை. கடாபிக்குப் பிந்திய நாளுக்குத் திட்டமிடத் தவறியமையே தனது பதவிக்காலத்தின் மிக மோசமான தவறாக இருக்கலாம் என்று ஒபாமா 2016 ஏப்ரலில் ஒப்புக்கொண்டார். அதே வருடம் செப்டெம்பரில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் வெளிவிவகாரக் குழு வெளியிட்ட அறிக்கை இன்னும் கடுமையானது. குடிமக்களுக்கான ஆபத்து மிகைப்படுத்தப்பட்டதை அரசாங்கம் அடையாளம் காணவில்லை என்றும் பாதுகாப்புக்கான தலையீடு ஆட்சிமாற்றத்துக்கான நடவடிக்கையாக நழுவிச் சென்றது என்றும் அக்குழு முடிவுக்கு வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கமரூனின் சொந்தக் கட்சிக்காரர்.

யுத்தம் முடிந்ததும் நேட்டோவின் செயலாளர் நாயகம், உறுதிசெய்யப்பட்ட குடிமக்கள் உயிரிழப்பு எதுவும் இல்லை என்று பெருமைப்பட்டார். 'பூச்சிய உயிரிழப்பு' என்ற சொல்லை 2009 இல் கொழும்பில் கேட்ட எமது காதுகளுக்கு அது புதிதல்ல. ஸ்லித்தான் நகருக்கு அருகே மஜர் என்றொரு கிராமம் இருக்கிறது. 2011 ஓகஸ்ட் 8 ஆம் திகதி இரவு அங்கு வீடுகள் மீது குண்டு விழுந்தது. இடிபாடுகளில் இருந்து ஆட்களை மீட்க அயலவர்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் மீது மீண்டும் குண்டு விழுந்தது. மொத்தம் 34 பேர் மாண்டார்கள். அது இராணுவத் தளம் என்றது நேட்டோ. பின்னர் அங்கு சென்று ஆராய்ந்த ஐ.நா. விசாரணைக்குழுவும் மனித உரிமைகள் கண்காணிப்பகமும் அதற்குப் போதிய சான்று காணவில்லை. எட்டுத் தாக்குதல்களில் குறைந்தது 72 குடிமக்கள் கொல்லப்பட்டதாகக் கண்காணிப்பகம் 2012 மே மாதத்தில் அறிக்கையிட்டது. எமது நாட்டின் எண்ணிக்கைகளுடன் பார்த்தால் சிறிய தொகை என்று எவரும் என்னிடம் சொல்லவேண்டாம். மக்களைக் காப்பாற்றுவதற்கென்று வந்தவர்கள் அந்தக் கிராமத்துக்குச் சென்று எட்டிப்பார்க்கக்கூட முன்வரவில்லை என்பதே எனது கவலை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2011 ஒக்டோபர் 20 ஆம் திகதி சேர்ட் நகரில் கடாபி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவரது மரணம் எவ்வாறு நேர்ந்தது என்று விளக்கம் கோரிய அரசாங்கங்களில் இலங்கை அரசாங்கமும் ஒன்று. இதற்கு நான் விமர்சனம் எழுதப்போவதில்லை, தமிழ் வாசகர்கள் தாமாகவே எழுதிக்கொள்வார்கள். 2012 செப்டெம்பர் 11 ஆம் திகதி, தாங்கள் காப்பாற்றிய அதே பெங்காசியில் அமெரிக்கா தனது தூதுவரைப் பறிகொடுத்தது. 2014 இல் நாடு இரண்டு அரசாங்கங்களாகப் பிளந்தது. 2015 இல் சேர்ட் ஐ.எஸ். இயக்கத்தின் கையில் விழுந்தது. 2016 இல் அமெரிக்க விமானங்கள் அதே நகரின் மீது மீண்டும் குண்டுவீசின. 2019 ஏப்ரலில் ஜெனரல் ஹப்தார் திரிப்போலி மீது படையெடுத்தார். அவரது படையினரிடம் இருந்து கைப்பற்றப்பட்ட அமெரிக்கத் தயாரிப்பு ஜவலின் ஏவுகணைகள் தன்னுடையவை என்று பிரான்ஸ் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. திரிப்போலி அரசாங்கத்தை அங்கீகரித்திருந்ததும் பிரான்ஸ்தான். 2021 டிசெம்பர் 24 ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட தேர்தல் நடைபெறவில்லை.

வெடித்த களஞ்சியத்தின் ஆயுதங்கள் எல்லைக்குள் தங்கியிருக்குமா? கடாபியின் படையில் பணியாற்றிய துவாரெக் போராளிகள் அவற்றைச் சுமந்துகொண்டு மாலிக்குத் திரும்பினார்கள். 2012 ஜனவரியில் கிளர்ச்சி, மார்ச்சில் இராணுவப் புரட்சி, ஏப்ரலில் திம்புக்துவின் வீழ்ச்சி. லிபியாவில் குண்டுவீசிய பிரான்ஸ் 2013 ஜனவரியில் மாலிக்குப் படை அனுப்பியது. பத்து வருடங்களுக்குள் அங்கிருந்தும் விரட்டப்பட்டது. நாடற்ற கரையில் இருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட படகுகள் ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கடலில் கொட்டின. 2017 நவம்பரில் லிபியாவில் மனிதர்கள் ஏலத்தில் விற்கப்படுவதை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது.

தலையிட்டிராவிட்டால் லிபியா இன்னொரு சிரியாவாகியிருக்கும் என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். அவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். 2011 ஒக்டோபர் 4 ஆம் திகதி சிரியா மீதான மென்மையான ஒரு கண்டனத் தீர்மானத்தையே ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. ரஷ்யத் தூதுவர் அப்போது சுட்டிக்காட்டியது லிபியாவைத்தான். மொஸ்கோவின் நோக்கம் தூய்மையானதல்ல. அசாத் அதன் கூட்டாளி. ஆனால் அந்தக் காரணத்தை அதன் கையில் கொடுத்தது யார்? 2003 டிசெம்பரில் அணுவாயுதத் திட்டத்தைக் கைவிட்ட கடாபிக்கு நேர்ந்ததை வடகொரியாவும் பாடமாக எடுத்துக்கொண்டது. ஓர் அரசு தனது மக்களைக் கொன்றால் உலகத்துக்குப் பொறுப்பு உண்டு என்ற கோட்பாடு எம்மைப் போன்ற சிறிய மக்கள் கூட்டங்களுக்கு இருந்த சில பற்றுக்கோடுகளில் ஒன்று. ஆட்சிமாற்றத்துக்கு அதை ஆயுதமாக்கியதன் மூலம் அதன் மீதிருந்த நம்பிக்கையை மேற்குலகமே கெடுத்தது.

வன்னிக்கு வருவோம். 2009 மே மாதத்தில் ஒடுங்கிய ஒரு கடற்கரைத் துண்டில் பல்லாயிரக்கணக்கான மக்களும் ஆயுதங்களும் ஒன்றாகச் செருகுண்டு கிடந்தபோது, விமானங்கள் வந்திருந்தால் குண்டு எங்கே விழுந்திருக்கும்? எமக்குத் தேவைப்பட்டவை காயமடைந்தவர்களை ஏற்றும் கப்பல்களும், சாட்சிகளாக நிற்கும் கண்களும், யுத்தநிறுத்தத்துக்கான உண்மையான நெருக்குதலும். ஐ.நா. பணியாளர்கள் 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். பாதுகாப்புச் சபை இலங்கையை முறைப்படி நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. எமது கோபம் அங்கே செல்லவேண்டும். மஜர் கிராமத்தின் இடிபாடுகளைப் பார்த்து 'எமக்கும் இது கிடைக்கவில்லையே' என்று ஏங்குவதில் என்ன பயன்?

லிபியாவின் கிழக்கில் டேர்னா நகருக்கு மேலே இரண்டு அணைகள் இருந்தன. அவற்றில் வெடிப்புகள் இருப்பது 1998 இலேயே தெரியும். கடாபியின் ஆட்சி அதைக் கிடப்பில் போட்டிருந்தது. கடைசியில் துருக்கிய நிறுவனம் ஒன்று 2010 பிற்பகுதியில் திருத்த வேலையை ஆரம்பித்தது. சில மாதங்களில் யுத்தம் வந்தது. வேலை நின்றது. பின்னர் எந்த அரசாங்கமும் அதை முடிக்கவில்லை. 2023 செப்டெம்பர் 11 ஆம் திகதி அதிகாலையில் பெருமழையில் இரண்டு அணைகளும் உடைந்து நகரின் நடுப்பகுதியைக் கடலுக்குள் இழுத்துச் சென்றன. ஐயாயிரத்துக்கும் அதிகமானோரின் மரணம் உறுதிசெய்யப்பட்டது. மேலும் ஆயிரக்கணக்கானோர் காணாமல் போனார்கள். 2024 ஜூலையில் டேர்னா நீதிமன்றம் இதற்காக லிபிய அதிகாரிகள் 12 பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.