தாய் நலிந்தால் இனம் நலியும்

தமிழின் முதற்சொல்லைக் குழந்தையின் செவியில் இடுபவள் தாய். அவள் குருதி வெளிறிக் கால் வீங்கிக் கண் இருண்டு கிடக்கையில், மொழிப்பற்றைப் பற்றி மேடைதோறும் முழங்குவது, வேரில் நீரூற்றாது கிளைக்குப் பந்தலிடுவதை ஒக்கும். ஆதலின் இத்திங்கள் நாஞ்சில் நாட்டுத் தாய்மாரின் உடல்நலம் குறித்து எழுதுகின்றோம்.

குமரி மாவட்டம் மருத்துவம் அறியாத மண்ணன்று. நெய்யூரில் 1838-இலேயே மேலை மருத்துவம் கால்கொண்டது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. ஆயினும் நாம் நிறைவு கொள்ளுதல் ஆகாது. 2018-20 கணக்கின்படி, உயிருடன் பிறக்கும் ஓரிலக்கம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மாரும், தமிழகத்தில் 54 தாய்மாரும் இறந்தனர். அண்டைக் கேரளத்திலோ அவ்வெண் 19. இந்தியாவினும் மேம்பட்டோம் எனப் பெருமை கொள்வோர், களியக்காவிளைக்கு அப்பாலும் சற்றே நோக்குக. அண்டையார்க்கு இயன்றது நமக்கு ஏன் இயலவில்லை?

முதற்பகை குருதிச்சோகை. கருவுற்ற தாயின் குருதியில் நூறு மில்லி லிட்டருக்கு 11 கிராம் ஈமோகுளோபின் இருத்தல் வேண்டும். 2019-21-இல் எடுக்கப்பெற்ற நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழகத்தில் கருவுற்ற பெண்டிருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வளவிற்குக் கீழ் இருந்தனர் எனக் காட்டிற்று. நலமுடைய தாய் தாங்கிக்கொள்ளும் குருதிப்போக்கே சோகையுற்றவளைக் கொன்றுவிடும். இதற்குரிய இரும்பு மாத்திரையை அரசு விலையின்றித் தருகின்றது. பேற்றுக்கு முன் 180 நாளும் பின் 180 நாளும் நாளொன்றுக்கு ஒன்று உண்ணவேண்டும். மலம் கறுக்கின்றது, வயிறு புரட்டுகின்றது என அஞ்சி அதனைப் பரண்மேல் எறிவோர் பலர். மலம் கறுப்பது மருந்தின் இயல்பே, அஞ்சற்க. உணவோடு தேநீர் பருகினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். மரச்சீனிக் கிழங்கும் கட்டன் தேநீரும் மட்டும் ஓருயிரையே காவா. ஈருயிரை எங்ஙனம் காக்கும்? முருங்கைக்கீரையும் சாளை மீனும் நெல்லிக்காயும் நம் மண்ணிலும் கடலிலும் கிடைப்பவையே.

இரண்டாம் பகை குருதி அழுத்தம். இருபதாம் கிழமைக்குப் பின் அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அது கண்காணிக்க வேண்டிய நோய். கடுந்தலைவலி, கண்மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி ஆகியவை வலிப்பின் முன்னறிவிப்புகள். வலிப்பைத் தடுக்கும் மக்னீசிய உப்பூசி மருத்துவமனைகளில் உண்டு. ‘பேய் அடித்தது’ என்று பூசாரியைத் தேடும் நேரத்தில் 108-ஐ அழைத்தால் இரண்டு உயிர் பிழைக்கும்.

மூன்றாவது, கருக்காலத்து நீரிழிவு. 75 கிராம் குளுக்கோசு கரைசல் பருகி, இரண்டு மணி நேரங்கழித்துக் குருதியை ஆய்ந்தால் உண்மை வெளிப்படும். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் உணவுக் கட்டுப்பாடும் மருத்துவமும் உடனே வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் இடர் ஒழிந்தது என எண்ணுவது பெரும்பிழை. மிகுந்த குருதிப்போக்கும் காய்ச்சலும் அதன்பின்னரே தாயைத் தாக்குகின்றன. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பாலை ஊட்டாது, அதனைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைக்கும் பழக்கம் ஒழிதல் வேண்டும். ஆறு திங்கள் தாய்ப்பாலன்றிப் பிறிதொன்றும் குழந்தைக்கு வேண்டா. பால் கட்டி மார்பு சிவந்து வலித்தால் பாலூட்டலை நிறுத்தற்க, நிறுத்தின் சீழ்க்கட்டியாகும். காய்ச்சலும் சேர்ந்தால் மருத்துவரை நாடுக. பேற்றுத் தாய்க்குத் தண்ணீர் கொடாது வாட்டும் வழக்கமும் கேடே. இரண்டு கிழமைக்கு மேலும் அழுதும் உறங்காதும் பிள்ளையை வெறுத்தும் இருக்கும் தாய் திமிர் பிடித்தவளல்லள், உளச்சோர்வு நோயுற்றவள். அவளுக்கு வேண்டுவது ஏச்சன்று, மருத்துவமும் வீட்டாரின் துணையும்.

இனி, விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் முந்திரி ஆலைகளில் பருப்புடைக்கும் பெண்டிரை எண்ணிப் பாருங்கள். தோட்டின் எண்ணெய் விரலைப் புண்ணாக்க, நாள்முழுதும் அமர்ந்து உழைப்போர் அவர்கள். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பெற்று, 26 கிழமை ஊதிய விடுப்பையும், ஐம்பதின்மரோ அதற்கு மேற்பட்டோரோ பணிசெய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகத்தையும் உரிமையாக்கிற்று. பாலூட்ட இடைவேளையும் முன்னரே சட்டத்தில் உண்டு. 2020-இல் இயற்றப்பெற்ற சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இவற்றை ஏற்றுள்ளது. எனினும் பதிவேட்டில் பெயரேறாத கூலிப்பெண்ணுக்குச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயே. மார்பை மறைக்கும் உரிமைக்காக 1859 வரை போராடி வென்ற தாய்மாரின் மண் இது. அம்மண்ணில் பிறந்த பெண், தன் பிள்ளைக்குப் பாலூட்டக் கால்மணி நேரத்திற்கு முதலாளியிடம் கெஞ்சுவதா?

மொழிச்சிக்கலும் இங்குக் குறுக்கிடுகின்றது. ஆய்வுத்தாளும் மருந்துச்சீட்டும் ஆங்கிலத்தில் இருந்தால், ‘அழுத்தம் கூடியுள்ளது’ என்பதை அத்தாய் எங்ஙனம் அறிவாள்? தமிழில் மருத்துவம் இயலாது என்பார் யாழ்ப்பாணத்தை நோக்குக. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். மகப்பேற்று மருத்துவ நூலையும் தமிழாக்கினார். அயலார்க்கு அன்று இயன்றது நம் அரசுக்கு இன்று இயலாதா?

ஆதலின் கேட்கின்றோம்: ஒவ்வொரு கருவுற்ற தாய்க்கும் ஆய்வு முடிவும் மருந்துக் குறிப்பும் தமிழில் தருக. முந்திரி ஆலைதோறும் பெண்களின் பெயரைப் பதிவு செய்து, காப்பகமும் பாலூட்டும் இடமும் அமைக்க ஆணையிடுக. மருத்துவர் முத்துலட்சுமியின் பெயரால் ஏழைத் தாய்மார்க்கு வழங்கும் மகப்பேற்று உதவியை, காலந்தாழ்த்தாது கருவுற்ற காலத்திலேயே சேர்ப்பிக்க.

அரசைக் கேட்கும் நாம் நம் வீட்டையும் திருத்துவோம். இல்லத்தில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவளாகத் தாயை வைத்திருக்கும் வரை, நம் தமிழ்ப்பற்று வாய்ப்பற்றே. இன்றிரவு முதற்சோறு அவள் இலையில் விழட்டும்!