பெயர் ஒன்றுதான், வாட் வேறு

ஆகஸ்ட் பிறந்தால் நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவின் தமிழ் வீடுகளில், கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும் படலம் தொடங்கிவிடும். "அப்பா, இதுல ஆர்டிஎக்ஸ் 4060 இருக்கு. சைபர்பங்க் ஓடும்" என்பான் ரட்கர்ஸ் போகிற பையன். அப்பா விலையோடு 6.625 சதவீத விற்பனை வரியையும் கூட்டிப் பார்ப்பார். அந்தக் கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை வாட் மின்சாரம் கிடைக்கிறது என்பதை இருவருமே பார்ப்பதில்லை.

லேப்டாப்புக்கான 4060 கார்டு 35 வாட்டிலும் ஓடலாம், 115 வாட்டிலும் ஓடலாம். கார்டைத் தயாரிக்கும் என்விடியாவே தரும் கணக்கு இது. எவ்வளவு என்பதை லேப்டாப் செய்யும் நிறுவனம் முடிவு செய்கிறது. பையில் அடங்கும் மெல்லிய உடம்பு வேண்டுமென்றால் சூட்டை வெளியேற்ற இடம் இருக்காது, வாட்டைக் குறைத்துவிடுவார்கள். ஸ்டிக்கர் மட்டும் மாறாது.

2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077' கேம் இந்த வித்தியாசத்தை உடனே காட்டிக்கொடுத்துவிடும். 2023 ஏப்ரலில் அதில் பாத் டிரேசிங் சேர்ந்தது. நனைந்த தெருவில் ஒரு நியான் பலகையின் வெளிச்சம் எங்கெல்லாம் பட்டுத் தெறிக்கும் என்பதை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு கணக்கிட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். 4060-இன் 8 ஜிபி மெமரி நிறைந்துவிட்டால் படம் திக்கித் திக்கி நகரும். சார்ஜரைப் பிடுங்கினால் வேகம் இன்னும் சரியும். ஃபிரேம்களைக் கூட்டித் தரும் டிஎல்எஸ்எஸ் வசதி கைகொடுக்கும், உண்மைதான். ஆனால் அது இடையில் செருகும் ஃபிரேம்கள் அசைவை வழவழப்பாக்குமே தவிர, பட்டனை அழுத்தியதும் கை உணரும் தாமதத்தைக் குறைக்காது.

விலை ஏற ஏற குழப்பமும் ஏறுகிறது. 4060-க்காவது டெஸ்க்டாப்பிலும் லேப்டாப்பிலும் அதே 3,072 கோர்கள். 4090 என்றால் டெஸ்க்டாப்பில் 16,384 கோர், 24 ஜிபி, 450 வாட். லேப்டாப்பில் 9,728 கோர், 16 ஜிபி, அதிகபட்சம் 150 வாட். சிப்பே வேறு. இரண்டுக்கும் 4090 என்றே பெயர் வைத்தது வாங்குபவருக்குச் செய்த அநியாயம்.

ஒரு காலத்தில் வாட் குறைந்த கார்டுகளுக்கு 'மேக்ஸ்-க்யூ' என்ற வால் இருந்தது. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை லேப்டாப்புக்கு வந்தபோது கார்டின் பெயரிலிருந்து அது போய்விட்டது. வாட் விவரத்தை லேப்டாப் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் தர வேண்டும் என்று என்விடியா சொன்னது. கடையில் நின்று பெட்டியைப் பார்ப்பவருக்கு அதனால் என்ன பயன்? பெட்டியின் முகப்பிலேயே, கார்டின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வாட்டையும் அச்சிட வேண்டும்.

அதுவரை, வாங்கப்போகும் பெற்றோர் கடைக்காரரிடம் "கார்டுக்கு எத்தனை வாட்?" என்று கேளுங்கள். வாங்கி வந்த பிறகு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சார்ஜரைச் செருகி ஒரு மணி நேரம் கேமை ஓடவிடுங்கள். என்விடியா செயலி இருந்தால், ஆல்ட்டும் ஆர்-உம் சேர்த்து அழுத்த, கார்டு இழுக்கும் வாட் திரையின் ஓரத்தில் தெரியும். கடையில் சொன்ன எண்ணை அது எட்டவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.