விஸ்வாமித்ரியின் முதலைகள்

குஜராத்தின் வடோதரா நகரின் நடுவே ஓடுகிறது விஸ்வாமித்ரி ஆறு. பாவாகட் மலைப் பகுதியில் பிறக்கும் இந்தச் சிற்றாறு, நகருக்குள் நுழைந்ததும் கழிவுநீரும் கட்டட இடிபாடுகளும் கலந்து உருமாறிவிடுகிறது. சாக்கடை என்றே பலரும் கருதும் இந்த நீரோட்டத்தில், 2025 பிப்ரவரியில் நடந்த கணக்கெடுப்பு 400-க்கும் அதிகமான முதலைகளைக் கண்டறிந்தது. பகலில் கரையில் வெயில் காய்பவை எளிதில் கண்ணில் படும். இரவிலோ, விளக்கொளி பட்டு நீர்மட்டத்தில் மின்னும் கண்களை வைத்தே எண்ண வேண்டும். லட்சக்கணக்கானோர் வாழும் மாநகரில் இத்தனை முதலைகள் இருப்பது உலகிலேயே அபூர்வம்.

2024 ஆகஸ்டில் பெருமழையால் ஆறு கரைபுரண்டபோது, மூன்றே நாள்களில் 24 முதலைகள் குடியிருப்புகளில் இருந்து மீட்கப்பட்டன. 'முதலைகள் ஊருக்குள் புகுந்தன' என்று செய்தி வெளியானது. ஊர் ஆற்றுக்குள் புகுந்து பல ஆண்டுகளாகிறது என்பதை எவரும் பேசவில்லை. வெள்ளநீரை உள்வாங்கிய குளங்களும் ஓடைகளும் தூர்க்கப்பட்டு, அவற்றின் மீது கட்டடங்கள் எழுந்துள்ளன. ஆற்றின் எல்லையை வரையறுத்து, ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2021-லேயே உத்தரவிட்டது. அது உரிய காலத்தில் நிறைவேற்றப்பட்டிருந்தால் 2024-இன் பாதிப்பு குறைந்திருக்கும்.

வெள்ளத்துக்குப் பிறகு, 2025 மார்ச்சில் ஆற்றைத் தூர்வாரி அகலப்படுத்தும் பணி தொடங்கியது. மக்களைக் காக்க அது தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால், மழைக்காலத்துக்கு முன்பு பணியை முடிப்பதற்குத் தேர்ந்தெடுத்த அதே கோடையில்தான் முதலைகள் கரைமண்ணைத் தோண்டி முட்டையிடுகின்றன. அவை வளை அமைப்பதும் அதே கரைகளில். புலிக்கு நிகராக, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிரினம் அது. மண்வாரி இயந்திரத்தை ஓட்டுபவருக்கு அடியில் இருப்பது முட்டைக்குழி என்று எப்படித் தெரியும்?

முதலை தாக்கி உயிரிழந்தவர்களும் அங்கே உண்டு. ஆற்றங்கரைக் குடிசைவாசிகளின் அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. எனினும் கரையை கான்கிரீட்டாக்கினால் முதலைகள் மறைந்துவிடாது. ஒதுங்க இடமின்றிக் கால்வாய்களுக்கும் தெருக்களுக்கும் நகரும். எனவே கணக்கெடுப்பு தலைகளை எண்ணுவதோடு முடியக் கூடாது. வளைகளும் முட்டையிடும் இடங்களும் எந்தெந்தக் கரைகளில் உள்ளன என்பது வரைபடமாக்கப்பட்டு, அடுத்த தூர்வாரும் பணிக்கான ஒப்பந்தத்திலேயே இணைக்கப்பட வேண்டும். அந்த வரைபடத்தை மக்கள் பார்வைக்கும் மாநகராட்சி வைக்க வேண்டும்.