இரு கரை மீனவரும் ஒரு கடலும்

போனக்காட்டில் பெய்யும் மழை கரமனை ஆற்றைச் சேர்கிறது. பேப்பாறை அணையில் தங்கித் திருவனந்தபுரம் நகரத்தாருக்குக் குடிநீராகி, எஞ்சிய நீர் கோவளத்துக்கு அருகில் அரபிக்கடலில் கலக்கிறது. அதே மலையின் கிழக்குச் சரிவில் விழும் மழையோ பொருநையாகப் பாபநாசத்தில் இறங்கி, நெல்லைச் சீமையின் வயல்களை நனைத்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. பொதிகை என்னும் ஒரே மலை இரண்டு கடல்களுக்கு நீர் அனுப்புகிறது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதற்காக அம்மலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எல்லை என்பது புதிய செய்தி அன்று. வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் மற்றொரு மொழி; உறவினர் மலைக்கு அந்தப் பக்கம், பிழைப்பு இந்தப் பக்கம். மாநில எல்லை மலை முகட்டின் வழியே செல்கிறது. ஆயினும் காட்டைக் காக்கும் பணி முகட்டோடு நின்றுவிடவில்லை. கேரளத்தையும் தமிழ்நாட்டையும் சேர்ந்த காடுகள் இணைக்கப்பட்டு அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் உருவாயிற்று. 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் வரிசையில் சேர்த்தது. இரண்டு அரசுகள், ஒரு காப்பகம். மலைக்குக் கிடைத்த இந்த நற்பேறு, பொருநையின் நீர் சென்று சேரும் கடலுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மன்னார் வளைகுடாவும் அதன் வடக்கேயுள்ள பாக் விரிகுடாவும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கிடக்கின்றன. 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகள் அக்கடலின் நடுவே எல்லைக்கோட்டை வரைந்தன. இந்தியக் கரையில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு காப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. இவை பாராட்டத்தக்க பணிகளே. வலையில் சிக்கிய ஆவுளியாவைத் தம் வலையை அறுத்து விடுவித்த மீனவர்களும் அக்கரையில் உண்டு. வலை அறுந்தால் யாருக்கு இழப்பு என்பதை நினைத்தால் அச்செயலின் பெருமை விளங்கும். ஆனால் கடற்பசு மேயும் கடற்புல் கோட்டின் இருபுறமும் வளர்கிறது. ஒருபுறம் காத்து மறுபுறம் அழித்தால், காத்ததும் நிலைக்காது.

அழிப்பது எது? விடை எளிது, சொல்வதற்குத்தான் பலர் தயங்குகின்றனர். அது இழுவைமடி. பை போன்ற இவ்வலையின் வாயை இரு பலகைகள் விரித்துப் பிடிக்கின்றன. அடியிலுள்ள சங்கிலியும் ஈயக்குண்டுகளும் கடல் தரையை உழுதுகொண்டே செல்கின்றன. இறாலைத் தேடிச் செல்லும் வலையில் குஞ்சு மீனும், நண்டும், சங்கும், வேரோடு பெயர்ந்த கடற்புல்லும் அள்ளப்படுகின்றன. விலை போகாதவை செத்த பின் கடலிலேயே கொட்டப்படுகின்றன. பாக் விரிகுடாவோ ஆழமற்ற கடல். பெரும்பாலான இடங்களில் ஒரு பனை மூழ்கும் ஆழம்கூட இல்லை. அத்தகைய கடலில் இவ்வலை படாத தரை மிகக் குறைவு.

இழுவைமடியின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. கேரளத்தின் நீண்டகரையில் 1950களில் தொடங்கிய இந்திய-நார்வே கூட்டுத் திட்டத்தின் வழியாகவே அது தென்னிந்தியக் கடலில் வேரூன்றியது. அதுவும் எல்லை கடந்த ஒத்துழைப்பே; நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதே. நாடுகள் கைகோத்துவிட்டன என்பதனாலேயே கடல் பிழைத்துவிடாது. யாருடைய வலைக்காகக் கைகோத்தனர் என்று கேட்க வேண்டும்.

அக்கேள்வியைக் கேட்டவர்கள் கடற்கரை மக்களே. 1984இல் உலக நாடுகள் மீன்வளம் பற்றி ரோம் நகரில் மாநாடு கூட்டியபோது, சிறு மீனவர்களும் அவர்களுக்குத் துணைநின்றோரும் அதே நகரில் தனியே கூடினர். அதன் தொடர்ச்சியாக 1986இல், போனக்காடு அமைந்துள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தின் தலைநகரில், மீன்பிடித் தொழிலாளர்களுக்கு ஆதரவான பன்னாட்டுக் குழுமம் பிறந்தது. சிறு மீனவர் உரிமைக்கான வழிகாட்டு நெறிகளை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உறுப்பு நாடுகள் 2014இல் ஏற்றதற்குப் பின்னால் இத்தகைய அமைப்புகளின் நெடிய உழைப்பு உள்ளது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் திருவனந்தபுரத்தில்தான் இயங்குகிறது. அதன் அலுவலகம் இருக்கும் பகுதியின் பெயர் கரமனை. போனக்காட்டு மழைநீர் ஓடும் ஆற்றின் பெயரும் அதுவே.

இக்கூட்டமைப்பில் நெடுங்காலம் பணியாற்றிய வி. விவேகானந்தனும் பிறரும், இலங்கைச் சிறையில் வாடிய தமிழக மீனவரையும் இந்தியச் சிறையில் இருந்த இலங்கை மீனவரையும் மீட்பதற்கென ஒரு கூட்டணியை நடத்தி வந்தனர். சிறைக்கதவைத் திறப்பதோடு வேலை முடியவில்லை. விடுதலையான படகு மறுவாரமே கோட்டைத் தாண்டினால் மீண்டும் சிறைதான். ஆகவே இரு கரை மீனவரையும் நேருக்கு நேர் அமரவைப்பதென்று முடிவாயிற்று. 2004 மே மாதம் தமிழக மீனவர் குழு இலங்கை சென்றது. இழுவைமடி கைவிடப்பட வேண்டியது என்பதை அப்படகுகளின் பிரதிநிதிகளே அங்கு ஒப்புக்கொண்டனர். 2010 ஆகஸ்டில் இலங்கை மீனவர்கள் தமிழ்நாடு வந்தனர். ஓராண்டுக்குள் இலங்கைக் கடலில் இழுவைமடியை நிறுத்துவது, அதுவரை குறிப்பிட்ட நாள்கள் மட்டும், கரையிலிருந்து விலகி நின்று தொழில் செய்வது என உடன்பாடு எழுதப்பட்டது. இரு கரையிலும் பேசப்பட்டது தமிழே. மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத பன்னாட்டுப் பேச்சுவார்த்தைகள் உலகில் மிகச் சிலவே இருக்கும்.

அந்த உடன்பாட்டை இரு நாட்டு அரசுகளும் ஏற்று நடைமுறைப்படுத்தவில்லை. ஓராண்டு கழிந்தது, வலைகள் நிற்கவில்லை. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மீண்டும் பேசினர். இந்தியத் தரப்பு கால அவகாசம் கேட்டது. இலங்கைத் தரப்பு இனியும் பொறுக்க இயலாது என்றது.

இலங்கை மீனவரின் அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று கூறுவது நியாயம் அன்று. போர் நடந்த காலத்தில் வடக்கு இலங்கையின் தமிழ் மீனவர் கடலுக்குச் செல்லத் தடைகள் இருந்தன. 2009இல் போர் முடிந்து, கடன் வாங்கிய வலைகளோடு அவர்கள் கடலில் இறங்கியபோது, இரவில் வந்த இழுவைப் படகுகள் அவ்வலைகளை அறுத்துச் சென்றன. இராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் மற்ற நாள்கள் என்னும் ஏற்பாடு உண்டு. 1970களில் உள்ளூர் மீனவரிடையே நடந்த மோதல்களுக்குப் பின் வந்தது அது. தம் நாட்டுப்படகுக்காரருக்கு நான்கு நாள் விட்டுக்கொடுக்க ஒப்பிய விசைப்படகுகள், எதிர்க்கரை நாட்டுப்படகுக்காரருக்கு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. விசைப்படகுகள் வரும் நாள்களில் அம்மீனவர் வலைகளைக் கரையிலேயே வைத்துவிட்டு வீட்டில் இருக்கின்றனர். 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்தது. அதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தவர் ஒரு தமிழ் உறுப்பினர், ம. ஆ. சுமந்திரன். இச்சிக்கலை இரண்டு இனங்களின் பூசலாக மட்டும் காட்டுவோர் இச்செய்தியை மறந்துவிடுகின்றனர்.

தமிழகக் கரையின் துயரமும் பொய்யன்று. கடலில் சுடப்பட்டோரும், படகை இழந்து கடனில் மூழ்கியோரும் அங்கே இருக்கின்றனர். கைதாகிறவர் பெரும்பாலும் கூலிக்குச் செல்லும் மீனவர். படகின் உரிமையாளர் கரையில் இருப்பதும் உண்டு. மீனவரைச் சுடுவதற்கு எந்தக் கோடும் உரிமை தராது. ஆனால் கைதைப் பற்றி மட்டும் பேசி வலையைப் பற்றிப் பேசாதிருப்பது அந்தக் கூலி மீனவருக்கும் உதவாது. இழுவைப் படகைக் கைவிடுவோர் ஆழ்கடல் சூரைமீன் பிடிக்கும் படகு வாங்க 2017இல் ஒரு திட்டம் வந்தது. படகின் விலை 80 இலட்சம் ரூபாய். அதில் 70 விழுக்காடு அரசுகளின் மானியம். எஞ்சிய தொகையும், நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் புதிய தொழிலும் பலருக்கு மலைப்பைத் தந்தன. மாற்றுத்தொழிலைப் படகு உரிமையாளருக்கு மட்டுமன்றிப் படகில் செல்லும் கூலி மீனவருக்கும் வகுத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கக்கூடும்.

செய்ய வேண்டியதைத் தொடங்கப் புதிய ஆய்வுக்குழு எதுவும் தேவையில்லை. மீனவர்களே எழுதிய 2010 உடன்பாடு இருக்கிறது. அதனைப் புதுப்பித்து, இரு அரசுகளும் கையொப்பமிட வேண்டும். அதனை நிறைவேற்றும் குழுவில் அதிகாரிகளோடு இரு கரை மீனவர் சங்கங்களுக்கும் இடம் வேண்டும். அதன் பின் தொண்டியிலிருந்து மன்னார் வரை கடற்புல் வெளிகளை ஒரே காப்பகமாக இணைப்பது பற்றிப் பேசலாம். இரு மாநிலங்களுக்கு இடையே அகத்தியமலையில் செய்யப்பட்டதைவிட இரு நாடுகளுக்கு இடையே அது கடினமான வேலைதான். ஆனால் அந்த வேலையின் கடினமான பாதியை, எதிரெதிரே அமர்ந்து இழப்பை ஒப்புக்கொள்ளும் பாதியை, படகோட்டிகள் ஏற்கெனவே செய்து முடித்திருக்கின்றனர்.