பத்தியம் மட்டும் போதாது

பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்கள் வரிசையாகக் கேட்பார்கள்: சுகப்பிரசவமா, சிசேரியனா? எடை எவ்வளவு? பால் போதுகிறதா? பிறகு மூக்கு அப்பா ஜாடையா, தாத்தா ஜாடையா என்று ஒரு பஞ்சாயத்து. "நீ எப்படிம்மா இருக்கே?" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. கேட்டாலும் தையல் ஆறிவிட்டதா என்பதுதான் அதற்கு அர்த்தம்.

உடம்பைக் கவனிப்பதில் நம் வீடுகளைக் குறை சொல்ல முடியாது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம் என்று எல்லாம் முறைப்படி நடக்கும். ஆனால் லேகியம் உருட்டித் தரும் அதே பாட்டி, பெண்ணின் கண் கலங்கினால் அதட்டுவார்: "பச்சை உடம்புக்காரி அழக்கூடாதுடி, பால் வத்திரும்." அதன்பிறகு அவள் போர்வைக்குள் அழுவாள்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் கண்ணீர் முட்டுவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் சரசரவென்று இறங்குகின்றன, தூக்கமும் போய்விடுகிறது. இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கும். அடங்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும். பிள்ளை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் வராது. சோறு இறங்காது. பிள்ளையைக் கையில் வாங்கினால் பாசம் பொங்கவில்லையே என்று உள்ளுக்குள் குறுகிப்போவாள். சிலருக்கு அழுகைக்குப் பதில் எரிச்சல் வரும். வீட்டார் அதற்குத் திமிர் என்று பெயர் வைப்பார்கள். மருத்துவர்கள் அதைப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்கிறார்கள்.

வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு 11 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு புதிதாக வந்திருந்தது. அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டவை: வருமானக் குறைவு, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், ஒத்தாசைக்கு ஆளில்லாமை, ஆணை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது. ஆகவே பழியை ஹார்மோன் தலையில் போட்டுவிட்டு நாம் நழுவ முடியாது. "பொண்ணா..." என்று இழுத்துக் கேட்கும் உறவுக்காரருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள். 1987இல் வந்தது, ஐந்து நிமிட வேலை. தமிழ் வடிவத்தையும் சோதித்துச் சரிபார்த்திருக்கிறார்கள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசிக்காக அவள் எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். பிள்ளையின் எடையைக் குறித்துக்கொள்ளும் செவிலியர், தூக்கி வந்தவளிடம் அந்தப் பத்தையும் கேட்டுவிட வேண்டும். அத்தனை ஊசிக்கும் அட்டை போட்டு வைத்திருக்கும் அரசுக்கு இது ஒரு பாரமா?

கண்டுபிடித்தால் வைத்தியம் இருக்கிறது. பேச்சு ஆலோசனையிலேயே பலர் தேறிவிடுகிறார்கள். தேவைப்பட்டால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக் கூடாது. தைராய்டு, ரத்தசோகை இரண்டும் இதே வேஷத்தில் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் நல்லது. கணவன்மாருக்கு ஒன்று: இரவில் ஒரு வேளைப் பாலூட்டலுக்குப் பிறகு பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவளைச் சேர்ந்தாற்போல் நான்கைந்து மணி நேரம் தூங்கவிடுங்கள். டானிக் பாட்டிலைவிட அது பலன் தரும்.

ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் சில வாரங்களில், இன்னும் தீவிரமான மனநோய் வரும். நாள்கணக்கில் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசினால், யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்றால், அது காத்துக்கருப்பு அல்ல. மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை, அதுவரை தாயையோ பிள்ளையையோ தனியே விடக் கூடாது. தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று அவள் சொன்னாலும் இதுவேதான்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.