மனு எழுதலாம், தேவையை எழுதலாமா?

குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் கம்பெனிகள், மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். அந்த நிதியைப் பெற்றுப் பணி செய்யும் சங்கங்கள் 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடம் பதிவு எண் பெற்றாக வேண்டும். படிவம், திட்ட அறிக்கை, தணிக்கைக் கணக்கு எனக் காகிதம் பெருகிவிட்டது. மும்பையில் நம் சங்கங்களின் வாசலுக்கு ஆலோசகர்கள் வருவது இதனால்தான்.

அவர்களை நாம் பழிக்கவில்லை. எழுத்து வேலையும் உழைப்பே. அதற்குக் கூலி உண்டு. ஆனால் வரும் நிதியில் பங்கு கேட்பவருக்கு, நம் தேவையைவிட எளிதில் பணம் கிடைக்கும் திட்டமே பெரிதாகத் தெரியும். குழாயடியில் நம் பெண்கள் காத்து நிற்க, காகிதத்தில் கணினிப் பயிற்சி நிலையம் எழும்!

தாராவியை நினைத்துப் பாருங்கள். 1985-இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு. அரசு சொன்ன குடும்பக் கணக்கை மக்கள் ஏற்கவில்லை. தமிழரான ஜோக்கின் அற்புதத்தின் குடிசைவாசிகள் சம்மேளனம் வீடு வீடாகச் சென்று எண்ணியது. அரசின் கணக்கைவிட மிக அதிகமாக வந்தது. வெளியார் துணை நின்றார்கள், எண்ணியவர்கள் மக்களே. கணக்கில் விடுபட்ட குடும்பம் திட்டத்திலும் விடுபடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆகவே, தேவையைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும். ஆலோசகருக்குப் பேசிய கூலி மட்டும், பங்கு கூடாது. கையெழுத்துக்கு முன் மனுவைத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். அவர் பக்கத்தில் நம் பிள்ளைகள் இருவர் அமர்ந்து கற்கட்டும். அடுத்த மனுவை நாமே எழுதுவோம்.