இரண்டாவது சாட்சி

குழந்தைமீது கை வைப்பவன் பக்கத்தில் சாட்சி வைத்துக்கொண்டு அதைச் செய்வதில்லை. யெகோவாவின் சாட்சிகள் அமைப்போ சாட்சி கேட்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்துவிட்டால், நேரில் பார்த்த இன்னொருவர் வேண்டும். இல்லையென்றால் அதே ஆளால் பாதிக்கப்பட்ட வேறொருவர் வேண்டும். இரண்டும் இல்லாதபோது சபை மூப்பர்களின் குழு கூடாது. காரியம் கடவுள் கையில் விடப்படும். இதன் பொருளை ஒரு தாய் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்: என் மகளின் சொல் எடுபட இன்னொருத்தியின் மகளும் சிதைய வேண்டும்.

விசுவாசியான கணவனிடம் ஒரு பெண் பேச வேண்டியிருப்பது இதைத்தான். பேச்செடுத்ததும் அவன் சொல்வான்: "இதெல்லாம் விசுவாசதுரோகிகள் கட்டிய கதை."

கதையா? ஆஸ்திரேலிய அரசு அமைத்த ராயல் கமிஷன் 2015இல் இந்த அமைப்பை விசாரித்தது. அமைப்பே எழுதிப் பாதுகாத்து வைத்திருந்த கோப்புகளை வரவழைத்துப் படித்தது. 1950 முதல் 1,006 பேர்மீது, குழந்தைகளிடம் பாலியல் வன்முறை செய்ததாகப் புகார். அவர்களில் 579 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். இந்த 1,006 பேரில் ஒருவரைப் பற்றிக்கூட அமைப்பு காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை. விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் மூப்பர்கள் அனைவரும் ஆண்கள். இரண்டு சாட்சி விதியைக் கைவிடுங்கள், விசாரணையில் பெண்களைச் சேருங்கள் என்று கமிஷன் 2017இல் தன் இறுதி அறிக்கையில் பரிந்துரைத்தது. விதி அப்படியே இருக்கிறது.

"மெல்லப் பேசு, நேரம் பார்த்துச் சொல், அவர் நம்பிக்கையைப் புண்படுத்தாதே" என்று மனைவிக்குப் புத்தி சொல்ல ஊரே இருக்கிறது. அவளுக்கு என்ன ஆகும் என்று எவரும் கேட்பதில்லை. சபையின் போதனைப்படி கணவன்தான் குடும்பத் தலைவன். ஞானஸ்நானம் பெற்றவள் கேள்வி கேட்டால் அது மூப்பர்கள் காதுக்குப் போகலாம். சபையிலிருந்து நீக்கப்பட்டால் பெற்ற தாயும் கூடப்பிறந்தவளும் முகம் கொடுக்க மாட்டார்கள். அவன் இழக்கப்போவது ஒரு விதியின் மீதுள்ள நம்பிக்கை. அவள் இழக்கக்கூடியது தன் மனிதர்கள் அத்தனை பேரையும். பிறகு மென்மை ஏன் அவளிடம் மட்டும் கேட்கப்படுகிறது?

வேதத்தைக் காட்டினால்தான் கேட்பான் என்றால் வேதத்தையே காட்டலாம். இரண்டு சாட்சி வேண்டும் என்பது உபாகமம் 19:15. அதே உபாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில், மணத்துக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை ஒருவன் வயல்வெளியில் பலவந்தப்படுத்துகிறான். கூப்பிட்டும் காப்பாற்ற அங்கே ஆளில்லை. இரண்டாவது சாட்சி எங்கே என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள்மேல் குற்றமில்லை, தண்டனை அவனுக்கு மட்டும். ஆளும் குழு உறுப்பினர் ஜெஃப்ரி ஜாக்சன் 2015 ஆகஸ்டில் கமிஷன்முன் சாட்சியமளித்தபோது, வழக்கறிஞர் அவரிடம் எடுத்துவைத்ததும் இந்தப் பகுதியைத்தான்.

"மற்ற மதங்களில் நடக்கவில்லையா?" என்பான். நடந்தது, அதே கமிஷன் கத்தோலிக்க, ஆங்கிலிகன் திருச்சபைகளையும் கூண்டில் ஏற்றியது. அடுத்த வீடு எரிவதால் நம் வீட்டுத் தீ அணைந்துவிடாது.

கடவுள் இருக்கிறாரா, அர்மகெதோன் வருமா என்ற வாதங்கள் ஆயுள் முழுக்க நடக்கட்டும். அவன் தொழட்டும், ஊழியம் செய்யட்டும். ஒரு கேள்விக்கு மட்டும் இன்றே பதில் வேண்டும்: நம் பிள்ளை தனியாக வந்து உங்களிடம் சொன்னால், முதலில் யாரிடம் போவீர்கள்?

இந்த அமைப்புக்குத் தமிழிலும் சபைகள் உண்டு, காவற்கோபுரம் தமிழிலும் வருகிறது. ஆகவே இது நம் தெருக் கேள்வியும்தான். நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் பற்றித் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. மூப்பருக்கும் கணவனுக்கும் அதில் விலக்கில்லை. "முதலில் மூப்பர்களிடம்" என்று அவன் சொன்னால், அவன் மனம் மாறும்வரை தாய் காத்திருக்க வேண்டாம். 1098ஐ அழைக்க அவன் அனுமதியும் தேவையில்லை, இரண்டாவது சாட்சியும் தேவையில்லை.